ஒரு முள்வாங்கிக்கு 385 வெள்ளியா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அதைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். அறுவையில் திசுவைப் பிடிக்கிற முள்வாங்கிகள் இரண்டு வாங்கினேன். 15 செ.மீ. நீள டிபேக்கி ரகம் 385 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 12 செ.மீ. நீள ஆட்சன் ரகம், நுனியில் பல் வைத்தது, 240 வெள்ளி. ஈப்போவிலிருந்து கூரியரில் வந்த சிறிய பெட்டியைப் பிரித்தவள் என் தங்கை. கிளினிக்கின் கணக்கு வழக்கை அவள்தான் பார்க்கிறாள். ரசீதை இரண்டு முறை படித்துவிட்டு, "அக்கா, பாசார் மாலாமில் புருவ முடி பிடுங்குகிற முள்வாங்கி மூன்று வெள்ளிக்குக் கிடைக்கிறதே" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பார்வைக்கு எல்லாம் ஒரே குடும்பம்தான்: ஒரு முனையில் ஒட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள், அழுத்தினால் மூடும், விட்டால் திறக்கும். பூட்டு இல்லை, திருகு இல்லை, மின்சாரம் இல்லை. இதற்குப் போய் 625 வெள்ளியா என்று கேட்டவளுக்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆண்டு பயன்படுத்திவிட்ட பிறகு இப்போது சொல்கிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் கால்நடை மருத்துவர். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கோலாலம்பூரில் சில ஆண்டு வேலை செய்து, ஊருக்கே திரும்பி ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக் போட்டேன். வரும் நோயாளிகளில் பாதி பூனைகள். மீதியில் செம்பனைத் தோட்டத்து நாய்கள் அதிகம், காட்டுப்பன்றி தந்தத்தால் கிழித்து அனுப்பியவை. பிறகு ஆடுகள், எப்போதாவது ஒரு சேவல். வாரத்துக்கு மூன்று நாள் வயிற்றைத் திறக்கும் அறுவை இருக்கும், பெரும்பாலும் பெண் நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை.

இவற்றை வாங்குவதற்கு முன்னால் என்னிடம் இருந்தவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், பெயர் வேண்டாம், 12 கருவிகள் கொண்ட தொகுப்பு ஒன்றை 95 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். படத்தில் பளபளவென்று இருந்தது. பிடிகள் தங்க நிறம். இந்தத் தொழிலில் தங்க நிறப் பிடிக்கு ஓர் அர்த்தம் உண்டு: நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்திருக்கிறது, ஊசியைப் பிடித்தாலும் தேயாது என்பதற்கான அடையாளம் அது. என்னிடம் வந்தவற்றில் கார்பைடும் இல்லை, ஒன்றும் இல்லை. நகைக்கடையில் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிற ஊரில் பிறந்து, படத்தைப் பார்த்துத் தங்கம் வாங்கிய ஒரே ஆள் நான்தான். ஆட்டோக்ளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில், பத்துப் பதினைந்து முறை போய்வந்ததும் தங்கம் உரிந்தது. நான்காம் மாதம் டிபேக்கி என்று பெயர் போட்டிருந்ததன் இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. கத்தரிக்கோல்போல ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் ஒதுங்கியது.

நுனி ஒதுங்கினால் என்ன என்று கேட்கலாம். நழுவும். நழுவினால் கை தானாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தும். அந்த "இன்னும் கொஞ்சம்"தான் குடலில் ஒரு வெளிறிய தடமாக விழுகிறது. அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, தையல் போட்ட மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அந்த ஓரம் விட்டுக்கொடுக்கும். என் கையில் அப்படி ஒரு நாய் போனது. கருவியால்தான் போனது என்று சத்தியம் செய்ய மாட்டேன், காட்டுப்பன்றி ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருந்தது. ஆனாலும் அந்த இரவு அந்த முள்வாங்கியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் ஈப்போவுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

புதியது வந்த இரண்டாம் வாரம், டவுனில் பூ விற்கும் அம்மா ஒருவர் தம் பூனையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, ஓயாத வாந்தி. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினால், அடியில் வெள்ளை நூல். பூக்கட்டுகிற நூல்தான். பூனைகளிடம் இது வழக்கம். நூலின் ஒரு பகுதி நாக்கின் வேரில் மாட்டிக்கொள்ளும், மீதி குடலுக்குள் போய்விடும். குடல் அதை முன்னே தள்ளப் பார்க்கும், நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கி மடிகிறதே, அப்படிக் குடல் முழுவதும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். நேரம் போகப் போக நூல் உள்ளிருந்தே குடலை அறுக்கத் தொடங்கும்.

"டாக்டரம்மா, நூலை வாய்வழியே இழுத்துவிட முடியாதா?" என்று அவர் கேட்டார். முடியாது, இழுத்தால் அறுந்துபோவது குடல்தான் என்று சொல்லிவிட்டு, நாக்கின் அடியில் நூலை வெட்டி, வயிற்றைத் திறந்தேன்.

பூனைக் குடல் என் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. மூன்று இடங்களில் திறக்க வேண்டியிருந்தது, நூலைத் துண்டு துண்டாக எடுக்க. எடுத்த பிறகுதான் கருவிக்குப் பரீட்சை. குடல் சுவரில் நான்கு அடுக்குகள். அவற்றில் தையலைத் தாங்குகிற வலு உள்சவ்வுக்கு அடுத்த அடுக்குக்குத்தான் இருக்கிறது. உள்சவ்வோ, வெட்டியவுடன் வெளியே பிதுங்கிக்கொண்டு வந்து வழியை மறைக்கும். ஆகவே ஓரத்தை மெல்லத் தூக்கிப் பிடித்து, ஊசி எந்த அடுக்கில் போகிறது என்று பார்த்துப் பார்த்து, ஓரத்திலிருந்து 2 அல்லது 3 மி.மீ. தள்ளிக் குத்த வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பிடி. மூன்று திறப்புக்கும் சேர்த்து இருபதுக்கு மேல் தையல், அத்தனை பிடி. பழைய முள்வாங்கியாக இருந்தால் ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு முறை நழுவியிருக்கும். இது ஒரு முறைகூட நழுவவில்லை. முடித்துவிட்டு ஓரங்களைப் பார்த்தேன், பிடித்த தடம் தெரியவில்லை. பூனை ஐந்தாம் நாள் கருவாட்டு வாசனைக்குத் தலையைத் தூக்கியது.

இந்த வடிவத்தை உருவாக்கியவர் மைக்கேல் டிபேக்கி, அமெரிக்க இதய அறுவை மருத்துவர், 1908இல் லூசியானாவில் பிறந்து 2008இல் மறைந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். சிறுவயதிலேயே தாயிடம் தையல் கற்றவர். பின்னாளில் டேக்ரான் துணியை வாங்கிவந்து மனைவியின் தையல் இயந்திரத்திலேயே செயற்கை இரத்தக்குழாயைத் தைத்துப் பார்த்திருக்கிறார். துணி தைத்துப் பழகிய கைக்கு, எந்த இடத்தைப் பிடித்தால் சுருங்கும், எந்த இடத்தைப் பிடித்தால் கிழியும் என்பது தெரியாமலா இருக்கும்! அவர் பெயர் தாங்கிய முள்வாங்கியின் ஒரு தாடையில் நடுவே ஒரே வரிசை நுண்ணிய பற்கள். எதிர்த் தாடையில் இரண்டு வரிசை, நடுவில் ஒரு பள்ளம். மூடும்போது அந்த ஒற்றை வரிசை பள்ளத்துக்குள் போய் அமர்கிறது. பிடி ஒரு புள்ளியில் குவியாமல் தாடையின் நீளம் முழுவதும் பரவுகிறது. இரத்தக்குழாயைக் கிழிக்காமல் பிடிக்கத்தான் இப்படி. குடல், சிறுநீர்ப்பை, கருக்குழாய் எல்லாவற்றுக்கும் அதே நியாயம் பொருந்துகிறது. என்னுடையதன் நுனி அகலம் 1.5 மி.மீ. பூனைக்கும் நடுத்தர நாய்க்கும் சரியான அளவு.

ஆனால் இதை "காயப்படுத்தாத" முள்வாங்கி என்று விற்கிறார்களே, அது பாதி உண்மை. பல்லின் வடிவம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பூட்டு இல்லாத கருவி இது. எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது கட்டைவிரல்தான். கோபமாக இருக்கிற நாளில் டிபேக்கியாலும் குடலை நசுக்க முடியும், நான் நசுக்கியிருக்கிறேன்.

இனி ஆட்சன். இது மேயோ கிளினிக்கில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்சனின் பெயரைக் கொண்டது. கட்டைவிரல் வைக்கிற இடம் அகன்று தட்டையாக இருக்கும், பிறகு திடீரென ஒடுங்கி ஊசிபோன்ற நுனியாகும். நான் வாங்கியதில் ஒரு பக்கம் இரண்டு பல், மறுபக்கம் ஒரு பல். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு கூரான பல்லால் தோலைப் பிடித்தால் காயமாகாதா? கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் பெண்ணும் முதல் நாள் அதையே கேட்டாள். பல் இல்லாத வழவழப்பான முள்வாங்கியால் தோல் ஓரத்தைப் பிடித்துப் பார் என்று கொடுத்தேன். ஈரத்தில் நழுவியது. அழுத்தினாள். இன்னும் நழுவியது. இன்னும் அழுத்தினாள். பிறகு பல் வைத்ததைக் கொடுத்தேன். பூவை எடுக்கிற அளவு பலத்தில் தோல் கூடவே வந்தது. பல் கொக்கிபோலத் தூக்குகிறது, அதனால் அழுத்த வேண்டியதில்லை. தோலில் இரண்டு மூன்று ஊசித்துளை விழும், அவ்வளவுதான். வழவழப்பானது ஒரு பட்டையையே நசுக்கிவிடும். தோலுக்கும் அதன் அடியிலுள்ள உறுதியான சவ்வுக்கும் பல் வைத்தது, குடலுக்கும் இரத்தக்குழாய்க்கும் டிபேக்கி. மாற்றிப் போட்டால் இரண்டுமே கெடுதல்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் பாட்டி நினைவுக்கு வராமல் இல்லை. பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பால் ஓடுகிற குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. கத்தி அதுவரை போக வேண்டும், ஆனால் அதற்கும் உள்ளே கட்டையை ஒட்டியிருக்கும் வளர்படலத்தைத் தொடக்கூடாது. நடுவே இருக்கிற இடைவெளி ஏறக்குறைய ஒரு மி.மீ. தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை புடைத்து முண்டு முண்டாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. மழுங்கிய கத்திக்காரன்தான் அதிகம் காயம் போடுவான் என்று பாட்டி சொல்வார், ஏனென்றால் அவன்தான் அதிகம் அழுத்துவான்.

வாங்கும்போது எப்படிச் சோதிப்பது என்று பலர் கேட்கிறார்கள். விளக்குக்கு எதிரே பிடித்து மெதுவாக மூடுங்கள். நுனி முதலில் சந்திக்க வேண்டும், பிறகு மெல்லப் பின்னோக்கி மற்றப் பகுதி. பலமாக அழுத்தினால் நுனி வாயைப் பிளக்கக்கூடாது. மலிவானவற்றில் இதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் நகரக்கூடாது. கடைசியாக நான் செய்வது ஒன்று உண்டு, எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை: பெரிய வெங்காயத்தை வெட்டி, இரண்டு அடுக்குக்கு நடுவே இருக்கும் கண்ணாடிபோன்ற சவ்வை முள்வாங்கியால் உரித்தெடுக்க வேண்டும். டிபேக்கி அதைக் கிழிக்காமல் முழுதாக எடுத்தது. 95 வெள்ளித் தொகுப்பில் வந்தது மூன்று முறையும் ஓட்டை போட்டது. ஈப்போ விற்பனையாளர் தம் கடையில் வெங்காயம் இல்லை என்று சிரித்தார், நான் வீட்டில்தான் செய்தேன். சோதித்ததும் கழுவிவிடுங்கள், தங்கை மோப்பம் பிடித்துவிடுவாள்.

எஃகைப் பற்றி. பெரும்பாலான முள்வாங்கிகள் 420 ரகத் துருப்பிடிக்கா எஃகில் செய்யப்படுபவை, குரோமியம் 12 முதல் 14 விழுக்காடு. சூடாக்கிக் குளிர்வித்து இறுக்கமாக்கக்கூடிய ரகம், அதனால்தான் நுனி வளையாமல் நிற்கிறது. என்னுடையவை ஜெர்மனியின் துட்லிங்கன் ஊரிலிருந்து வந்தவை. நகரமே அறுவைக் கருவிகளால் வாழ்கிறது. ஆனால் ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், பாகிஸ்தானின் சியால்கோட்டும் அதே தொழிலில் ஊறிய ஊர். என் படிப்புத் தோழி ஒருத்தி சியால்கோட் ஆட்சனைத்தான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறாள், இன்னும் நுனி சரியாகவே சந்திக்கிறது.

துருப்பிடிக்கா எஃகு என்பது பெயர்தான். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, அது இருக்கும்வரைதான் காப்பு. உப்பு அதற்கு எமன். அறுவையின்போது உப்புநீர்க் கிண்ணத்தில் கருவியைப் போட்டுவைக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, என்னிடமும் இருந்தது. இரத்தமும் அப்படித்தான், உலரவிட்டால் அரித்துக் குழி போடும். குளோரின் கலந்த வெளுப்பு நீரோ கேட்கவே வேண்டாம். இப்போது முடிந்தவுடன் வெறும் தண்ணீரில் அலசி, என்சைம் கரைசலில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் பல் வரிசைகளுக்கு நடுவே தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் கடைசிக் கழுவல், பிறகு நன்றாக உலர்த்தி உறையில் போட்டு ஆட்டோக்ளேவ். டிபேக்கியின் அந்தப் பள்ளத்தில்தான் அழுக்கு ஒளிந்துகொள்ளும், வெறும் கண்ணால் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். பூதக்கண்ணாடி ஒன்று 20 வெள்ளிக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் மாதம் ஆட்சனின் கழுத்தில் பழுப்புப் புள்ளி ஒன்று வந்தது. எனக்கு வயிறு கலங்கியது. பென்சில் ரப்பரால் தேய்த்தேன், போய்விட்டது. தேய்த்தால் போவது கறை. போன இடத்தில் குழி இருந்தால்தான் துரு. கறைக்குக் காரணம் கருவியும் இல்லை. உதவிக்கு இருக்கும் பெண் ஒரு நாள் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனதால் ஆட்டோக்ளேவில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். இரண்டு நாள் சொல்லவில்லை, மூன்றாம் நாள் அழுதுகொண்டே சொன்னாள். அந்த ஒரு புள்ளியைத் தவிர இரண்டு ஆண்டில் வேறு எதுவும் வரவில்லை.

குறைகளும் உண்டு. டிபேக்கியின் மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளக்கிறது, அறுவை விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. மங்கலான மெருகுள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள். இந்த விலைக்கு நுனியைக் காக்க ஒரு ரப்பர் உறைகூடப் பெட்டியில் இல்லை. 12 செ.மீ. ஆட்சன் பெரிய கைகளுக்குச் சிறியது. எனக்குப் பதிலாக வரும் டாக்டர் அதைப் பேனா பிடிப்பதுபோலப் பிடிக்க முடியாமல் தவிக்கிறார். 15 செ.மீ. டிபேக்கி ஆட்டின் வயிற்றுக்குள்ளும் நெஞ்சு ஆழமான நாய்க்குள்ளும் எட்டாது, விரல்களே வழியை அடைத்துவிடும். அதற்கு 20 செ.மீ. வேண்டும். ஊசியை இதனால் பிடிக்காதீர்கள். அவசரத்தில் நான் பிடித்திருக்கிறேன், பல் வரிசையில் ஓர் இடத்தில் மிகச் சிறிய தேய்மானம் தெரிகிறது. அது கருவியின் குறை என்று எழுத மனம் வரவில்லை.

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். வாரத்துக்கு மூன்று அறுவை என்று வைத்தால் இரண்டு ஆண்டில் 300க்கு மேல். 385 வெள்ளியை அதால் வகுத்தால் ஒரு வெள்ளி இருபது காசு சொச்சம். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற முள்வாங்கிக்கு எனக்குச் சொன்ன விலை ஆறு வெள்ளி. கணக்கைக் காட்டியதும் தங்கை, "அப்படியென்றால் உறைக்கும் கரைசலுக்கும் ஆகும் செலவு?" என்றாள். அதையும் சேர்த்தேன். இரண்டரை வெள்ளிக்குள் அடங்கியது. வாரம் ஒன்றோ இரண்டோ சிறு காயம் தைப்பவருக்கு இவ்வளவு விலை தேவையில்லை, நல்ல ஆட்சன் ஒன்று போதும். வயிற்றைத் திறப்பவர் டிபேக்கியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

என் தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரஸ்ஸர் இல்லை, டிரஸ்ஸருக்குக் கருவிகளை அவித்துக் கொடுத்தவர். மண்ணெண்ணெய் அடுப்பில் நீளமான பாத்திரம், அதில் கொதிக்கிற தண்ணீர். கொதிநீரின் 100 பாகை வெப்பத்தில் சில கிருமிகளின் வித்துகள் சாகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. என் ஆட்டோக்ளேவ் 134 பாகைக்குப் போகிறது. ஆஸ்பத்திரி மூடப்பட்டபோது ஒரு முள்வாங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முலாம் உரிந்து, நுனி கறுத்து, இன்னும் எங்கள் சமையலறை மேசை டிராயரில் கிடக்கிறது. செம்பனை முள் ஏறினால் அதுதான். போன மாதம் என் உள்ளங்காலில் ஒன்று ஏறியபோது தங்கை அதை எடுத்துவந்து நெருப்பில் காட்டினாள். டிபேக்கியைக் கொண்டுவரச் சொன்னேன். "385 வெள்ளிப் பொருளைக் காலுக்கா?" என்று மறுத்துவிட்டாள்.